ஆலயக் கதவு மறுபடி மூடினால் சபையை எப்படி நடத்துவது?

கேள்வி சுருக்கமாக: திருமங்கலத்துக்கும் உசிலம்பட்டிக்கும் நடுவில் ஒரு கிராமத்து சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபை, 120 குடும்பம். கொரோனா காலத்தில் ஆலயம் பூட்டிக் கிடந்தபோது ஆராதனையை யூடியூபில் போட்டார்கள். முதல் வாரம் எல்லாரும் பார்த்தார்கள், போகப் போக இருபது பேர்தான். திறந்த பிறகும் பாதிப் பேர் திரும்பவில்லை. இன்னொரு தொற்றுக்காலம் வந்தால் என்ன செய்வது, எதை இப்போதே தயார் செய்வது என்று கமிட்டி கேட்கிறது.

கேமராவைப் பற்றிக் கடைசியில் பேசிக்கொள்ளலாம். முதலில் ஒரு நீள நோட்டு வாங்குங்கள்.

சபைப் பதிவேடு உங்களிடம் இருக்கும். அதில் ஞானஸ்நானத் தேதி இருக்கும், திடப்படுத்தல் இருக்கும். யார் வீட்டில் யார் தனியாக இருக்கிறார், யாருக்குச் சர்க்கரை, எந்த நம்பரில் கூப்பிட்டால் எடுப்பார் என்பது இருக்காது. கதவு மூடிய அன்று தேவைப்படுவது இந்த மூன்றும்தான். ஒரு குடும்பத்துக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். வீட்டில் இருப்பவர்கள் பெயரும் வயதும். இரண்டு போன் நம்பர், அதில் ஒன்று கட்டாயம் வீட்டிலேயே இருக்கும் போன். அது டச் போனா, பட்டன் போனா. தினம் சாப்பிடும் மாத்திரை. டயாலிசிஸ், கர்ப்பம், மூச்சுத் தொல்லை. படிக்கத் தெரிந்தவர் வீட்டில் உண்டா. பெரும்பாலும் எங்கே தவறும் என்றால், பதிவேட்டில் இருக்கும் ஒரே நம்பர் திருப்பூரில் வேலை பார்க்கும் மகனுடையதாக இருக்கும். அம்மா மூன்று நாளாகக் காய்ச்சலில் கிடப்பது அவருக்கே தெரிந்திருக்காது. ரீசார்ஜ் தீர்ந்து நம்பர் மாறுவதும் சகஜம். வருஷத்துக்கு இரண்டு முறை, அறுப்பின் பண்டிகைக்கும் கிறிஸ்துமஸுக்கும் முன்னால் சரிபார்த்துவிடுங்கள். யாருக்கு என்ன வியாதி என்பது ஊருக்குப் போகக்கூடாத விஷயம். நோட்டு ஆயரிடம் (சபைப் போதகர்) ஒன்று, செயலரிடம் ஒன்று, அவ்வளவுதான். வாட்ஸ்அப் குழுவில் போட்டோ எடுத்துப் போடாதீர்கள்.

அடுத்து, 120 குடும்பத்தைப் பத்துப் பத்தாக 12 கூறாகப் பிரியுங்கள். தெருவாரியாகப் பிரித்தால் நல்லது. சொந்தக்காரர்களாகச் சேர்த்தால் ஒரு சண்டையில் ஒரு கூறு முழுக்க அறுந்துவிடும். ஒவ்வொரு கூறுக்கும் ஒரு பொறுப்பாளர். 12 பேரில் பாதியாவது பெண்களாக இருக்கட்டும், தனியாக இருக்கும் விதவைகள் ஆண் குரலுக்கு எல்லாவற்றையும் சொல்ல மாட்டார்கள். பொறுப்பாளர் வாரம் இரண்டு முறை, சாயங்காலம் ஏழு மணி வாக்கில், பத்து வீட்டையும் கூப்பிட வேண்டும். ஆயர் கூப்பிடுவது அந்த 12 பேரை மட்டும். கேட்க வேண்டியது நான்கே கேள்வி: யாருக்காவது காய்ச்சலோ மூச்சிரைப்போ உண்டா, மாத்திரை எத்தனை நாளுக்கு இருக்கிறது, அடுப்பு எரிகிறதா, யாருக்காக ஜெபிக்க வேண்டும். நான்காவதை முதலில் கேட்டால் மற்ற மூன்றுக்கும் பதில் தானாக வந்துவிடும்.

சபைப் பணத்தில், விரலில் மாட்டி ரத்தத்தின் ஆக்ஸிஜன் அளவைப் பார்க்கும் ஆக்ஸிமீட்டர் இரண்டு வாங்கி வைத்து, கேட்கும் வீட்டுக்கு இரவல் கொடுங்கள். விரலில் மருதாணியோ நகச்சாயமோ இருந்தால் அளவு தப்பாகக் காட்டும். கை சில்லிட்டிருந்தாலும் அப்படியே. ஐந்து நிமிஷம் உட்கார்ந்து, விரலைத் தேய்த்துச் சூடாக்கி, எண் அசையாமல் நின்ற பிறகு படிக்க வேண்டும். 94-க்குக் கீழே போனால் ஜெபித்துக்கொண்டே 108-ஐக் கூப்பிடச் சொல்லுங்கள். ஜெபித்து முடித்துவிட்டுக் கூப்பிடலாம் என்று காத்திருந்து நேரத்தை விட்டவர்கள் உண்டு. மருத்துவ ஆலோசனைக்கு 104.

அரசாணையைப் படிப்பது ஒரு தனி வேலை, அதற்கென ஒருவரை நியமியுங்கள். 2020 மார்ச் 25 முதல் நாடு முழுக்க வழிபாட்டுத் தலங்கள் பொதுமக்களுக்கு மூடப்பட்டன. தமிழ்நாட்டில் பொதுவாகத் திறந்தது அந்த வருஷம் செப்டம்பர் 1. இடையில் ஜூன் 24 முதல் மதுரைக்கு மட்டும் தனியாக முழு ஊரடங்கு வந்தது: மாநகராட்சி, பரவை பேரூராட்சி, மதுரை கிழக்கு, மேற்கு, திருப்பரங்குன்றம் ஒன்றியங்கள். அந்த எல்லைக்குள் குடியிருந்த போதகரால் வெளியே இருக்கும் கிராமச் சபைக்கு நினைத்தபடி போக முடியாது. ஆணை ஒன்றிய எல்லையைப் பார்த்து வரும், உங்கள் குருசேகர (ஒரு ஆயரின் பொறுப்பில் உள்ள சபைகளின்) எல்லையைப் பார்த்து வராது. ஆகவே ஊரிலேயே குடியிருக்கும் உபதேசியாரோ மூப்பரோ ஒருவர் ஆராதனை நடத்தப் பழகியிருக்க வேண்டும்.

2021 ஏப்ரல் 26-இல் மறுபடி மூடியபோது வாசகம் வேறு. பொதுமக்களுக்குத்தான் அனுமதி இல்லை, அன்றாட வழிபாட்டை அங்குள்ள பணியாளர்கள் நடத்தலாம் என்றிருந்தது. பல இடங்களில் இதைப் படிக்காமல் ஆலயத்தைப் பூட்டிச் சாவியைக் கொண்டுபோனார்கள். ஜூலை 5-இல் திறந்தது. ஆனால் ஆகஸ்ட் மாதத்தில் வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் அடைத்து, அக்டோபர் 14-இல்தான் எல்லா நாளும் திறந்தது. 2022 ஜனவரியிலும் இதே கதை. திங்கள் முதல் வியாழன் வரை ஆலயம் திறந்திருக்கிறது, ஆனால் ஞாயிறு இல்லை. அந்த மாதங்களில் வியாழக்கிழமை மாலைக்கு ஆராதனையை மாற்றிக்கொண்ட சபைகள் தப்பித்தன. ஞாயிறைத் தவிர வேறு நாள் ஆராதனையா என்று முகம் சுளித்தவர்கள் சும்மா இருந்தார்கள். வாரநாள் ஆராதனை ஒன்றை இப்போதே மாதம் ஒருமுறையாவது நடத்திப் பழகுங்கள்.

கூட்டம் கூடத் தடை போடும் அப்போதைய 144 இப்போது பாரதிய நாகரிக சுரக்ஷா சன்ஹிதாவின் 163-ஆம் பிரிவு. ஆணையை மீறினால் வழக்கு வந்த, இந்திய தண்டனைச் சட்டத்தின் பழைய 188, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 223. அவசரத்தில் பழைய எண்ணைச் சொல்லி வரும் வாட்ஸ்அப் பார்வர்டை நம்பாமல், ஆட்சியர் அலுவலகச் செய்திக்குறிப்பை அச்செடுத்து ஆலயக் கோப்பில் வையுங்கள்.

இனி ஆராதனை. ஒன்றரை மணிநேர நேரலை கிராமத்தில் நிற்காது. ஒரு வீட்டில் ஒரு டச் போன், அதுவும் பையன் கையில். ஒரு மணி நேர வீடியோவுக்கு நூற்றுக்கணக்கான எம்.பி. போய்விடும், அன்றைய டேட்டாவில் பெரும் பங்கு அதிலேயே தீரும். பதினைந்து நிமிஷக் குரல்பதிவு இரண்டு, மூன்று எம்.பி.தான். அதனால் குரல்தான் உங்கள் ஊடகம். சங்கீதம் ஒன்று, பாட்டு ஒன்று (இரண்டு சரணம் போதும்), வேதபாடம், ஏழு நிமிஷப் பிரசங்கம், பெயர் சொல்லி ஜெபம், ஆசீர்வாதம். பெயர் சொல்லி ஜெபிப்பதை விடாதீர்கள். தெற்குத் தெருப் பாட்டியின் பெயர் வந்தால் அடுத்த வாரமும் அந்த வீட்டில் கேட்பார்கள்.

பதிவு செய்ய நல்ல மைக் தேவையில்லை. ஆலயத்துக்குள் பதிவு செய்தால் எதிரொலிக்கும். வீட்டில் சின்ன அறையில், சுவரில் ஜமுக்காளம் தொங்கவிட்டு, மின்விசிறியை நிறுத்தி, போனை வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி, சற்றுப் பக்கவாட்டில் வையுங்கள். நேர் எதிரே வைத்தால் 'ப' சொல்லும்போதெல்லாம் காற்று அடிக்கும். விடியற்காலை ஐந்து மணி நல்ல நேரம், ஒலிபெருக்கிச் சத்தம் வருமுன். சனிக்கிழமை இரவு எட்டு மணிக்குள் அனுப்பிவிடுங்கள், ஞாயிறு காலை நெட் திணறும்.

அனுப்பும் வழியில் ஒரு பொறி இருக்கிறது. வாட்ஸ்அப் பிராட்காஸ்ட் பட்டியலில் நீங்கள் யாரைச் சேர்த்தாலும், அவர் உங்கள் நம்பரைத் தன் போனில் சேமித்திருந்தால்தான் செய்தி போகும். இல்லையென்றால் போகாது, போகவில்லை என்று உங்களுக்கும் தெரியாது. ஒரு பட்டியலுக்கு 256 பேர் வரைதான். ஆகவே இப்போதே ஒரு ஞாயிறு ஆராதனை முடிவில் எல்லார் போனிலும் சபை நம்பரை ஏற்றிவிடுங்கள். குழு வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். குழுவில் பிரசங்கத்துக்கு மேலே மூன்று காலை வணக்கமும் கீழே ஒரு நாட்டுவைத்தியமும் வந்துவிடும்.

பட்டன் போன் வைத்திருக்கும் வீட்டுக்கு மூன்று வழி. கான்பரன்ஸ் கால் ஐந்தாறு பேர் வரை தாங்கும். பொறுப்பாளர் தன் கூறில் பட்டன் போன்காரர்களை மட்டும் சேர்த்து பத்து நிமிஷம் வேதம் வாசிக்கலாம். மெமரி கார்டு போடும் பட்டன் போனாக இருந்தால் நான்கு வாரப் பதிவை ஏற்றிக் கொடுத்துவிடலாம். மூன்றாவது, ஒரே ஒரு ஏ4 தாளை இரண்டாக மடித்து, பெரிய எழுத்தில் வேதபாடமும் ஜெபமும். பால் சொசைட்டிக்கு வருகிறவர்கள் கையில் கொடுத்தனுப்பினால் காலை எட்டுக்குள் ஊர் முழுக்கப் போய்விடும்.

யூடியூப் கட்டாயம் வேண்டும் என்றால், மாதம் ஒருமுறை வைத்துக்கொள்ளுங்கள், வெளியூரில் இருக்கும் பிள்ளைகளுக்காக. சினிமா மெட்டில் பதிந்த பாடலோ, கம்பெனி வெளியிட்ட இசைத் தடமோ பின்னணியில் ஓடினால் காப்புரிமைக் கோரிக்கை வந்து வீடியோ நடுவில் ஊமையாகும். பாமாலையை உங்கள் ஆர்மோனியத்தில் வாசித்தால் பிரச்சினை குறைவு.

பாட்டு என்றதும் ஒன்று. 2020 மார்ச் 10-இல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஸ்காஜிட் பள்ளத்தாக்கில் ஒரு பாடகர் குழு இரண்டரை மணிநேரம் ஒத்திகை பார்த்தது. வந்தது 61 பேர். ஒருவருக்கு அறிகுறி இருந்தது. கடைசியில் நோய் கண்டவர்கள், சந்தேகத்துக்குரியவர்களையும் சேர்த்து, 53. இறந்தவர்கள் இரண்டு பேர். உரக்கப் பாடும்போது வாயிலிருந்து வரும் நுண்துளிகள் மூடிய அறையில் மிதந்துகொண்டே இருக்கும். 2020 ஜூன் 4-இல் மத்திய சுகாதார அமைச்சகம் வழிபாட்டுத் தலங்களுக்குக் கொடுத்த நெறிமுறை பாடகர் குழுவைத் தடுத்து, பதிவு செய்த பாடலைப் போடச் சொன்னதும் அதனால்தான். பொதுப் பாய், தீர்த்தத் தெளிப்பு, பிரசாதம் கூடாது என்பதும், 65 வயதுக்கு மேற்பட்டோர், 10 வயதுக்குட்பட்டோர், கர்ப்பிணிகள் வீட்டில் இருக்க வேண்டும் என்பதும் அதில் இருந்தவை.

ஆலயத்தைப் பாதி திறக்கும் கட்டம்தான் மிகவும் குழப்பமானது. கணக்குப் போடுங்கள். மக்கள் உட்காரும் இடம் 50 அடி நீளம், 20 அடி அகலம் என்றால், ஆறடிக்கு ஒரு புள்ளி வைத்தால் நீளத்தில் 9, அகலத்தில் 4, ஆக 36 பேர். 120 குடும்பத்துக்கு இது ஏமாற்றமான எண்தான். ஒரே வீட்டுக்காரர்கள் சேர்ந்து உட்காரலாம் என்று வைத்தால் கொஞ்சம் கூடும், ஆனால் அதற்கு வீட்டு வாரியாக இடம் போட ஒருவர் வாசலில் வேண்டும். தரையில் சாக்பீஸ் போடாதீர்கள், இரண்டாம் நாள் அழிந்துவிடும். பெயிண்ட் புள்ளி வையுங்கள். பாய் பொது, ஆகவே வீட்டிலிருந்து விரிப்பு கொண்டுவரச் சொல்லுங்கள். கூறு வாரியாக முறை வைத்து, ஞாயிறு மூன்று ஆராதனை, ஒவ்வொன்றும் 40 நிமிஷம், நடுவில் அரைமணி இடைவெளி என்று நடத்தினால், ஒவ்வொரு வீடும் நான்கு வாரத்துக்கு ஒருமுறையாவது வரலாம்.

இதைவிட நல்லது வேப்பமரம். திறந்தவெளியில் காற்று தன் வேலையைச் செய்யும். மதுரைப் பக்கம் மார்ச்சுக்குப் பிறகு எட்டு மணிக்கே வெயில் கொளுத்தும், ஆகவே 6.30-க்கு ஆரம்பித்து 7.15-க்கு முடியுங்கள். ஒலிபெருக்கிக்குக் காவல் நிலையத்தில் அனுமதி வாங்க வேண்டும்; இரவு 10 முதல் காலை 6 வரை போடக்கூடாது என்பது 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதி. உள்ளேதான் நடத்த வேண்டுமென்றால் எல்லா ஜன்னலும் திறந்திருக்கட்டும், ஒரு பெடஸ்டல் ஃபேனை ஜன்னல் பக்கம் வெளியே பார்த்து வைத்து உள்காற்றைத் தள்ளுங்கள். மக்கள் முகத்தை நோக்கித் திருப்பினால் முன் வரிசையின் மூச்சு பின் வரிசைக்குப் போகும்.

சுத்தம் செய்வதற்கு நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. பிளீச்சிங் பவுடர் சுமார் 30 சதவீத குளோரின் உள்ளது என்றால் லிட்டர் தண்ணீருக்கு 30 கிராம் கரைத்தால் ஏறக்குறைய ஒரு சதவீதக் கரைசல். தெளியவைத்து மேல்நீரைத் தரைக்கும் கதவுப் பிடிக்கும் மட்டும் எடுங்கள். பித்தளை மெழுகுவத்தித் தண்டில் பட்டால் கறுக்கும். ஆசிட்டோடு கலந்தால் விஷவாயு வரும். ஆட்கள் மேல் எதையும் தெளிக்கக்கூடாது, வேப்பிலைத் தண்ணீர் உட்பட.

திருவிருந்து பற்றித்தான் கமிட்டிகளில் அதிகச் சண்டை. வீட்டில் அப்பமும் திராட்சரசமும் வைத்துக்கொண்டு போனைப் பார்த்து எடுக்கலாமா? பெந்தெகொஸ்தே சபைகள் பல அப்படிச் செய்தன. கத்தோலிக்கர்கள் அதை ஏற்பதில்லை. ஆன்மீகமாக நற்கருணை வாங்கும் ஜெபத்தைச் சொல்லிக்கொண்டார்கள். உங்களுக்குப் பேராயரின் சுற்றறிக்கை எதைச் சொல்கிறதோ அதுதான். உள்ளூர்க் கமிட்டி ஓட்டெடுத்து முடிவு செய்யும் விஷயமல்ல இது. அனுமதி இல்லையென்றால் பாதி மாதிரி ஒன்றைச் செய்யாதீர்கள்; ஆராதனையில் அந்த இடத்தை மௌனமாக விட்டுவிட்டு, ஏன் என்று சொல்லுங்கள். பசி தெரியட்டும்.

ஆலயத்தில் கொடுக்க முடிகிற நாளில், பொதுப் பாத்திரத்தை எடுத்துவைத்துவிட்டுத் தனிக் கிண்ணம். ஒருவருக்கு 10 மில்லி என்றால் 40 பேருக்கு 400 மில்லி. ஒரே ஒருவர், முகக்கவசம் போட்டு, கைகழுவி, ஊசியில்லாத சிரிஞ்சில் அளந்து ஊற்றட்டும். கிண்ணங்களை இடைவிட்டு மேசையில் அடுக்கி வெள்ளைத் துணியால் மூடுங்கள். தட்டைக் கைக்குக் கை மாற்றினால் தனிக் கிண்ணம் வைத்ததன் பலன் போச்சு. அப்பத்தைக் கிண்ணத்துக்குள்ளேயே போட்டு வைத்தால் ஊறிக் குழைந்துவிடும், தனிக் காகிதத்தில் வையுங்கள். வீட்டில் காய்ச்சும் திராட்சரசத்தில் மதுச்சத்து கிடையாது, நம் வெயிலில் வெளியே இருந்தால் இரண்டு மூன்று நாளில் புளித்துவிடும். மூன்று வாரத்துக்குச் சேர்த்துக் காய்ச்சாதீர்கள். படுக்கையில் இருக்கும் கத்தோலிக்க நோயாளிக்கு எண்ணெய் பூசுவது பற்றிப் பக்கத்து பங்கில் கேட்டால் சொல்லலாம்: கடுமையான காரணம் இருந்தால் விரலுக்குப் பதில் கருவி ஒன்றைப் பயன்படுத்தலாம் என்று திருச்சபைச் சட்டம் 1000-இன் இரண்டாம் பகுதியே இடம் தருகிறது. பஞ்சு சுற்றிய குச்சி போதும். போனில் பாவசங்கீர்த்தனம் மட்டும் கிடையாது.

மரணம் வரும். அப்போது யோசித்தால் தாமதம். 2020 மார்ச்சிலேயே மத்திய அரசின் வழிகாட்டுதல் தெளிவாக இருந்தது: உடலைத் தொடாமல் வேதம் வாசிக்கலாம், தீர்த்தம் தெளிக்கலாம், பையின் முகப்பைப் பணியாளர் திறந்து முகம் காட்டலாம், குளிப்பாட்டவும், முத்தமிடவும், அணைக்கவும் கூடாது, அடக்கம், தகனம் இரண்டும் செய்யலாம். இது தெரியாமல், அடக்கமே கூடாது என்று யாரோ சொன்னதை நம்பி எரித்துவிட்டு வருஷக்கணக்கில் அழும் குடும்பங்கள் உண்டு. சென்னையில் ஒரு மருத்துவரின் அடக்கத்தைக் கல்லெறிந்து தடுத்த சம்பவத்துக்குப் பிறகு, அடக்கத்தைத் தடுப்பவர்களுக்கு மூன்று வருஷம் வரை சிறை என்று 2020 ஏப்ரலில் தமிழ்நாடு அவசரச் சட்டம் கொண்டுவந்தது.

தயாராக வைக்க வேண்டியவை: கல்லறைத் தோட்டச் சாவி யாரிடம், குழி வெட்டும் ஆட்கள் இரண்டு பேர் நம்பர், ஜே.சி.பி. நம்பர், கையுறையும் முகக்கவசமும் பத்து செட், பன்னிரண்டு நிமிஷத்தில் முடியும் சுருக்கமான அடக்க முறைமை அச்சடித்து. ஆட்கள் 20 என்று ஆணை இருந்தால் அந்த 20 பெயரைக் குடும்பத்தாரே முதல் நாள் எழுதித் தரட்டும். வாசலில் நிற்பவர் சொந்தக்காரராக இல்லாமல் இருக்கட்டும். தொற்று பெரும்பாலும் கல்லறையில் பரவுவதில்லை. முந்தின இரவு பந்தலுக்கடியில், ஒரே டம்ளரில் காபி குடித்து, ஒப்பாரி வைத்து, கட்டிக்கொண்டு அழும்போது பரவுகிறது. பந்தலைப் போடாதீர்கள், நாற்காலியை வாடகைக்கு எடுக்காதீர்கள். உட்கார இடமில்லை என்றால் கூட்டம் தானாகக் கலையும். அடக்கப் பதிவேட்டில் அன்றே எழுதுங்கள். இறப்புப் பதிவை 21 நாளுக்குள் முடிக்கச் சொல்லுங்கள். நாற்பதாம் நாள் நினைவாராதனையைக் கட்டுப்பாடு தளர்ந்த பிறகு ஆலயத்தில் நடத்தித் தருவோம் என்று வாக்குக் கொடுத்து, கொடுத்த வாக்கை நோட்டில் குறியுங்கள்.

காணிக்கைக்குக் கியூ.ஆர். அட்டை வையுங்கள், ஆனால் அது சபைக் கணக்கினுடையதாக இருக்கட்டும். பொருளாளரின் சொந்த நம்பருக்கு வாங்கினால் நல்ல மனிதரையும் சந்தேகிக்க வைத்துவிடுவீர்கள். வெளியே ஒட்டிய அட்டைக்கு மேல் வேறொன்றை ஒட்டிவிடும் திருட்டும் உண்டு, வாரம் ஒருமுறை ஒரு ரூபாய் போட்டுச் சோதியுங்கள். பழைய பிடி அரிசிப் பானையை மீட்டெடுங்கள்: சோறு வைக்கும்போது ஒரு பிடி தனியே. பணம் நின்ற காலத்திலும் அது நிற்காது.

நிவாரணத்தில் அரிசியை மட்டும் அள்ளிக் கொடுக்காதீர்கள், ரேஷனில் அரிசி கிடைத்துவிடும். வீட்டில் தீர்ந்துபோவது துவரம்பருப்பு, எண்ணெய், சோப்பு, மாதாந்திர மாத்திரை, பெண்களுக்கு நாப்கின், கைக்குழந்தைக்குப் பால்மாவு. தெருவில் கிறிஸ்தவர் அல்லாத வீட்டுக்கும் அதே பை, அதே அளவு. உள்ளே துண்டுப்பிரதி வைக்காதீர்கள், போட்டோ எடுக்காதீர்கள். 2020 ஏப்ரலில் அமைப்புகள் நேரடியாகப் பொருள் கொடுப்பதையே அரசு ஒரு கட்டத்தில் தடுத்தது. பிறகு உயர் நீதிமன்றம் அதிகாரிகளுக்கு முன்கூட்டித் தகவல் கொடுத்துவிட்டுக் கொடுக்கலாம் என்றது. கிராம நிர்வாக அலுவலருக்கு ஒரு கடிதம் கொடுத்து நகலில் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.

கல்யாணம் தள்ளிப்போடலாம், போட விரும்பாதவர்களுக்கு ஆயரும் இரண்டு சாட்சிகளும் போதும் என்று தைரியம் சொல்லுங்கள். உரிமம் பெற்ற சுயாதீனப் போதகர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: 1872 கிறிஸ்தவத் திருமணச் சட்டப்படி அவர்கள் தரும் சான்று இரண்டு மாதம்தான் செல்லும், அதற்குள் நடக்கவில்லையென்றால் அறிவிப்பை முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

ஞாயிறு பள்ளிக்கு, வாரம் ஒரு மனப்பாட வசனம். பிள்ளை அதைச் சொல்லி வாய்ஸ் அனுப்ப வேண்டும், ஆசிரியர் பெயர் சொல்லிப் பதில் வாய்ஸ் அனுப்ப வேண்டும். பதில் வராவிட்டால் மூன்றாம் வாரம் நின்றுவிடும்.

திறந்த பிறகு வராமல் போனவர்களை மேடையிலிருந்து அழைத்தால் வரமாட்டார்கள், ஏனென்றால் அவர்கள் அங்கே இல்லை. திறப்பதற்கு முந்தின வாரமே, ஒவ்வொரு பொறுப்பாளரும் தன் பத்து வீட்டுத் திண்ணையிலும் பத்து நிமிஷம் நின்று, எந்த நேர ஆராதனை, எந்த இடத்தில் உட்காருவார்கள் என்று சொல்லிவிட்டு வரட்டும். முதல் மூன்று வாரம் யார் வரவில்லை என்று அந்த நீள நோட்டில் புள்ளி வையுங்கள். மூன்று புள்ளி விழுந்த வீட்டுக்கு நான்காவது வாரம் ஆயர் நேரில் போக வேண்டும். உங்களிடம் இப்போது வராமலிருக்கும் பாதிக்கும் இதே முறைதான், அதற்குத் தொற்று வரும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. வருகிற ஞாயிறே 12 பேரைத் தேர்ந்தெடுத்துவிடலாம்.